கண்ணீரா? கைத்தட்டலா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! கைக்குட்டையோடு வந்து அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பின்னலாடை நகரமாம் திருப்பூரின் பெருமக்களே!

அன்புக்குரிய ஒரு சர்க்கஸ் கலைஞன் மறைந்தால், கூடுகிற உறவுகள் தர வேண்டியது கண்ணீரா, கைத்தட்டலா? கைத்தட்டலே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா, "எழவு வீட்ல கைதட்டச் சொல்றீங்களே, நெஞ்சுல ஈரம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. இருக்குதுங்கம்மா. ஆனா உங்க அழுகைக்குள்ளே என்ன இருக்குன்னுதான் நான் கேக்கறேன்.

நம்ம ஒப்பாரியை எடுத்துக்குங்க. வெறும் 'ஐயோ'வா அது? போனவர் எப்படி நடந்தார், எப்படி உழைத்தார், யாருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்னு வரிசையா எடுத்துச் சொல்லி அழுவாங்க. போனவருடைய பெருமை தெரியாதவரால் 'ஐயோ' சொல்ல முடியும். ஒப்பாரி வைக்க முடியாது. அந்தப் பெருமையைத்தான் நான் கைத்தட்டல் என்கிறேன்.

2023 ஏப்ரல் 23. பக்கத்து மாநிலத்தில், கண்ணூரில், ஜெமினி சங்கரன் மறைந்தார். தலச்சேரிக்கு அருகே 1924-இல் பிறந்தவர். 1901-லேயே சர்க்கஸுக்கென்று பயிற்சிக் களரி தொடங்கிய கீலேரி குஞ்ஞிக்கண்ணனிடம் வித்தை கற்றவர். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி, அந்தரத்தில் ஊஞ்சல் பிடித்து ஆடினார். 1951-இல் நண்பரோடு சேர்ந்து 6,000 ரூபாய்க்கு ஒரு சர்க்கஸ் கம்பெனியை விலைக்கு வாங்கினார். தன் மிதுன ராசியை ஆங்கிலத்தில் சொல்லி, 'ஜெமினி' என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15, குஜராத்தில் பில்லிமோராவில் முதல் காட்சி.

அவருக்கு உறவு யாருங்க? பெற்ற பிள்ளைகள் மட்டுமா? ஊஞ்சலில் ஒருத்தன் கையை விட்டுட்டுத் தாவறான். எதிர் ஊஞ்சலில் தலைகீழாத் தொங்கறவன் பிடிக்கணும். பிடிக்கிறவன் அண்ணனும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனா தாவறவன் உசுரு அவன் கையிலே! (கைத்தட்டல்)

"அது நூறை நெருங்கிய வயசு, கல்யாணச் சாவு, அகாலச் சாவுக்கு என்ன சொல்றே?" என்பீர்கள். சொல்கிறேன். 1918 ஜூன் 22, அமெரிக்காவில் ஹாமண்ட் என்ற ஊர். விடியாத நேரம். ஒரு சர்க்கஸ் ரயில் மேல் பின்னால் வந்த ரயில் மோதியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலரை சிகாகோ பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இடம் கொடுத்தது யார்? சர்க்கஸ்காரர்களின் சங்கம். அதில் எத்தனையோ பேர் புதிதாய்ச் சேர்ந்த கூலியாட்கள், பெயரே தெரியாது. ஒரு கல்லறையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'நான்கு குதிரை வண்டியோட்டி'. பெற்றவர் வைத்த பெயர் யாருக்கும் தெரியவில்லை. அவன் வேலை, கூட இருந்தவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேலையே அவனுக்குப் பெயராக நிற்கிறது! சுற்றிலும் கல் யானைகள், துக்கத்தில் தும்பிக்கையைத் தாழ்த்தி நிற்கின்றன. எதிரணிக்கு யானை பலம் கிடைச்சிருச்சுன்னு சிரிக்காதீங்க. (சிரிப்பு) கல்லறையில் வேலையை எழுதியது எங்க அணி!

இப்போ திருப்பூருக்கு வாங்க. தேனியில் இருந்து, ராமநாதபுரத்தில் இருந்து, ஒடிசா, பீகாரில் இருந்து இங்கே வந்து உழைக்கிறாங்க. ஊரில் போய்க் கேளுங்க: "எம் மகன் பனியன் கம்பெனியில இருக்கான்." என்ன வேலைம்மா? "பனியன் கம்பெனிதான்." அவ்வளவுதான். கட்டிங் வேறே, ஓவர்லாக் வேறே, செக்கிங் வேறே. பணம் வருவது தெரியும். அந்த விரல் ஓடுற ஓட்டம் தெரியாது. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா ஊர் கூடி அழும். "அவன் கழுத்துப்பட்டி வச்சா ஒரு சுருக்கம் விழாதுங்க"ன்னு யார் சொல்லுவா? பக்கத்து மெஷின்காரன்தான். ஆனா அவன் சாவுக்குப் போக லீவு கேட்டா, "உனக்கு என்ன சொந்தம்?"னு கேள்வி வருது. ஏனுங்க, பத்து வருஷம் ஒரே லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தது சொந்தம் இல்லையா? (பலத்த கைத்தட்டல்)

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சுக்கறேன். கண்ணீர் வேண்டாம்னு நான் சொல்லலை. அழுங்க. ஆனா யாருக்காக அழறோம்னு தெரிஞ்சு அழுங்க. அதுக்கு, ஆள் உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை கூடாரத்துக்கு வாங்க. கம்பெனி வாசலுக்கு வாங்க. அந்தக் கை வேலையைப் பாருங்க. பார்த்தவனுக்குத்தான் கடைசி நாளில் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும். ஆகவே நடுவர் அவர்களே, கைத்தட்டலே என்று தீர்ப்பு வழங்குங்கள்.