வௌவாலும் வகுப்பறையும்



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அதனை எங்களுக்கு முன் பேசிய சான்றோர் செவ்வனே செய்துவிட்டனர். ஆகவே, எங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வௌவாலைப் பற்றிக் கற்பித்த அனுபவத்தை மட்டும் உங்கள்முன் வைக்கிறோம். "வெள்ளி விழாவுக்கு வௌவாலா?" என்று சிலர் நகைக்கக்கூடும். இறுதிவரை கேட்க வேண்டுகிறோம்.

பாடம் ஓர் எழுத்திலிருந்து தொடங்கியது. ஔகாரத்திற்குத் தமிழில் எடுத்துக்காட்டுச் சொற்கள் மிகக் குறைவு. ஔவையாருக்கு அடுத்தபடியாக வௌவால்தான் வரும். ஒரு சிறுமி அச்சொல்லை 'வெ-ள-வா-ல்' என்று துண்டு துண்டாகப் படித்தாள். பிழை அவளுடையதன்று, ஔகாரக் குறியின் பின்பாதி 'ள' போலவே தோன்றுகிறது. "வௌவால் எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். எல்லாக் குழந்தைகளும் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினர். பள்ளியின் பின்புறமுள்ள இலுப்பை மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்குகின்றன. கரும்பலகையில் தடுமாற வைத்த சொல், மரத்தில் நன்கு பழகிய பிராணியாக இருந்தது. அதையே பாடமாக்கத் துணிந்தோம்.

முதலில், அவர்கள் அறிந்ததைச் சொல்லச் சொன்னோம். "அதற்குக் கண் தெரியாது" என்றான் ஒருவன். "வீட்டுக்குள் வந்தால் கேடு" என்றாள் ஒருத்தி. "அது பறவையும் இல்லை, மிருகமும் இல்லை" என்றான் மற்றொருவன். பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வௌவாலைத் தொட்டால் தீட்டா?" என்று கேட்டான். அச்சொல்லை அவன் எங்கிருந்து கற்றான் என்பதை இந்த அவைக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. விடையை உடனே சொல்லாமல், அவ்வினாவைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தோம்.

அடுத்து வாசிப்பு. பழைய காலண்டர் அட்டைகளின் பின்புறத்தில், அட்டைக்கு ஒரு வாக்கியமாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். 'வௌவால் குட்டி போடும்.' 'குட்டிக்குப் பால் கொடுக்கும்.' 'பாலூட்டிகளில் உண்மையாகச் சிறகடித்துப் பறப்பது வௌவால் மட்டுமே.' 'வௌவாலுக்குக் கண் தெரியும்.' ஒவ்வோர் அட்டையும் அவர்கள் கேட்டு வளர்ந்த ஒரு சொல்லை மறுத்தது. ஆதலால் ஆவலோடு படித்தார்கள்.

பூச்சி தின்னும் வௌவால் இருளில் வழி காண்பதை விளக்க, குழந்தைகளைப் பள்ளிக் கிணற்றின் சுற்றுச்சுவரருகே நிறுத்திக் கூவச் சொன்னோம். குரல் திரும்பி வந்தது. கண்ணை மறைத்தாலும் வௌவால் முட்டாமல் பறப்பதை 1793இல் இத்தாலி நாட்டு ஸ்பல்லான்சானி கண்டார். நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் அது வழியறிகிறது என்பதை 1938 முதல் செய்த ஆய்வுகளால் அமெரிக்கர் டொனால்டு கிரிஃபின் மெய்ப்பித்தார். இடைப்பட்ட காலமெல்லாம் வௌவால் தன் வழியே பறந்துகொண்டுதான் இருந்தது, அறியாமை நம்முடையது.

பின்னர் எழுத்து. மாலையில் பெற்றோருடன் நின்று, வௌவால்கள் மரத்தைவிட்டுக் கிளம்புவதைப் பார்த்து, மறுநாள் இரண்டு வரி எழுதி வரச் சொன்னோம். ஒரு வரியேனும் தானாக எழுதியறியாத சிறுவன், 'அம்மா வௌவால் குட்டியை வயிற்றில் தூக்கிப் போகுது' என்று எழுதி வந்தான். இலக்கணம் நோக்கித் திருத்த எங்களுக்குக் கை வரவில்லை.

கைவேலை நாளில் ஒரு சிக்கல் எழுந்தது. சாலையோரத்தில் செருப்பும் குடையும் பழுதுபார்க்கும் தந்தை ஒருவர் பள்ளிக்கு வந்து, "தலைமுறை தலைமுறையாகக் கைவேலைதான் செய்தோம் ஐயா. பிள்ளையாவது எழுத்துப் படிக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். இங்கேயும் வெட்டுவதும் ஒட்டுவதும்தானா?" என்று கேட்டார். அவர் சினம் நியாயமானது. கைவேலை என்ற பெயரில் நம் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து ஒதுக்கிய காலமும் உண்டு. அவரை வகுப்பில் அமரச் செய்தோம்.

குழந்தைகள் தம் உள்ளங்கையைத் தாளில் வைத்துக் கோடு வரைந்தார்கள். வௌவாலின் சிறகு உண்மையில் ஒரு கைதான். பெருவிரல் கொக்கியாக நிற்க, மற்ற நான்கு விரல்களும் நீண்டு, அவற்றினிடையே மெல்லிய தோல் விரிந்துள்ளது. விரல்களுக்கு ஈர்க்குச்சி வைத்தோம். தோலுக்குக் கறுப்புத் தாளை ஒட்டினோம். சிறகு மடங்காமல் முறிந்தது. அப்போது அத்தந்தை எழுந்து, ஒரு பழைய குடையைப் பிரித்து, கம்பிகளுக்கிடையே துணி எவ்வாறு தளர்ந்தும் விறைத்தும் நிற்க வேண்டும் என்று காட்டினார். அன்று அவரே ஆசிரியர். அவர் மகன் தன் வௌவாலின் கீழ் நான்கு வரி எழுதித் தந்தைக்குப் படித்துக் காட்டினான். கையும் எழுத்தும் பகையல்ல என்பதை அவ்விருவரும் எங்களுக்கு உணர்த்தினர்.

இறுதியாகக் கரும்பலகை ஓரத்து வினாவுக்கு வந்தோம். "வௌவாலைக் கையால் தொடக்கூடாது, அது கடித்த பழத்தையும் தின்னக்கூடாது. சில நோய்க் கிருமிகள் அதனிடம் இருக்கலாம். 2018இல் கேரளத்தில் பரவிய நிப்பா நோயின் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் உள்ளதே. ஆனால் இது தீட்டன்று. தொடாதே என்பதற்குக் காரணம் காட்ட முடிந்தால் அது சுகாதாரம். காரணம் காட்ட முடியாவிட்டால் அதுவே தீட்டு, அதனை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை" என்றோம். அச்சிறுவன் அமர்ந்தான். அவன் முகம் தெளிந்திருந்தது.

இளைஞர்களே! 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தீங்கு விலங்குகளின் பட்டியலில் வைத்தது. இலுப்பையின் விதையைத் தொலைவில் கொண்டுபோய் இடும் உயிருக்கு அப்பெயர்! 2022ஆம் ஆண்டின் திருத்தம் அப்பட்டியலையே நீக்கியது. ஐம்பது ஆண்டுகளில் வௌவால் மாறவில்லை. அதனைப் பற்றிய அறிவு மாறிற்று. இழிபெயர் இட்டவர் மனிதர். கற்று, ஆராய்ந்து, எழுதி அதனை நீக்கியவரும் மனிதரே. இதனை நம் குழந்தைகள் எட்டு வயதிலேயே அறிய வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இச்சங்கக் கட்டடத்தில் மாலைப் படிப்பு நடைபெறுகிறது. கல்லூரி சென்ற நீங்கள் வாரத்தில் ஒரு மாலை அங்கு வாருங்கள். பெரிய நூல்கள் வேண்டா. பழைய அட்டை, ஈர்க்குச்சி, பசை, ஊரில் உள்ள ஒரு மரம், ஓர் உயிர் போதும். குழந்தை கேட்கும் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். விடை கிடைக்கும்வரை அழிக்காதீர்கள்.