தட்டு கழுவி ஊர் பார்ப்போம்!

நடுவர் அவர்களே! "உலகத்தைச் சுற்ற அப்பன் சொத்து வேணாமா?" என்று எதிரணி கேட்டது. வேண்டாமய்யா! போற இடத்தில் உழைத்தே சுற்றலாம்.

1975-லேயே ஆஸ்திரேலியா இதற்கென்று ஒரு விசா கொண்டுவந்தது. சில நாட்டு இளைஞர்கள் அங்கே போய், பழம் பறித்து, ஓட்டலில் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் ஊர் சுற்றினார்கள். 2024-இல் அதே மாதிரி வாசல் நமக்கும் திறந்திருக்கு. 18 முதல் 30 வயது வரை, வருஷத்துக்கு 1,000 பேர், குலுக்கலில் தேர்வு, 12 மாதம் தங்கலாம். படிப்பு, ஆங்கிலம், கொஞ்சம் கையிருப்பு வேணும். பொதுவா ஒரு முதலாளியிடம் ஆறு மாசம்தான். ஒரே இடத்தில் ஒட்டிக்காதே, ஊரைப் பாருன்னு சட்டமே சொல்லுதய்யா!

"தட்டு கழுவவா பட்டம் வாங்கினான்?" என்றார் எதிரணி அக்கா. அக்கா, இங்கே சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை, அங்கே நூறு தட்டு கழுவிட்டுத் திரும்பினா உங்களுக்கு நஷ்டமா? (கைதட்டல்)

பெற்றோரே, ஒன்று மட்டும். "டூரிஸ்ட் விசாவில் போ, வேலை வாங்கித் தர்றேன்" என்கிற ஏஜெண்டை நம்பாதீங்க. அது ஊர் பார்க்கிற வழியல்ல; ஜெயில் பார்க்கிற வழி.

நேர்வழியில் போகட்டும். உழைத்த காசில் பார்த்த ஊர்தான் கண்ணை விட்டுப் போகாது.