குழந்தையில் போட்ட ஹெபடைடிஸ் பி ஊசி: மறுபடி போட வேண்டுமா?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு மாதமாக நம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் பேச்சு ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் மூன்றாவது தெருவில் ஒரு பெண் நர்சிங் படிக்கிறாள். அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு முன்பு கல்லூரியில் ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். கைக்குழந்தையிலேயே மூன்று ஊசியும் போட்டு, அட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் எதிர்ப்பு சக்தியின் அளவு 4 என்று வந்தது. குறைந்தது 10 இருக்க வேண்டும். அம்மா பயந்துபோய்க் குழுவில் எழுதினார். அடுத்த நாளே யாரோ ஒரு விளம்பரத்தைப் போட்டார்கள்: பிள்ளைகளுக்கு டெஸ்ட், கூடவே பூஸ்டர் ஊசி, குடும்பத்துக்குச் சலுகை. பதினொரு வீடுகள் பெயர் கொடுத்துவிட்டன.

அந்த 4 என்ன என்று பார்ப்போம். ஊசி போட்டதும் ரத்தத்தில் ஆன்டிபாடி உண்டாகிறது. வருடங்கள் போகப் போக அதன் அளவு இறங்கும். பிறந்தவுடன் போட்டவர்களுக்குப் பதினைந்து, இருபது வயதில் 10-க்குக் கீழே வருவது சர்வசாதாரணம். ஆனால் உடம்பு அந்தக் கிருமியின் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் செல்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றை இந்த டெஸ்ட் எண்ணுவதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கேஷியர் டிராயரில் நானூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் வங்கி திவால் என்று அர்த்தமா? உள்ளே ஸ்ட்ராங் ரூம் இருக்கிறதே. கிருமி உள்ளே வந்தால் அந்த நினைவுச் செல்கள் சில நாட்களில் விழித்துக்கொண்டு ஆன்டிபாடியை மளமளவென்று உற்பத்தி செய்யும். ஹெபடைடிஸ் பி கிருமியோ நிதானமான பேர்வழி. உள்ளே நுழைந்து நோயாக வெளிப்பட ஒன்று முதல் ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் உடம்பு தயாராகிவிடுகிறது.

இது என் கற்பனை இல்லை. அலாஸ்காவில் 1981-இல் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் 1,578 பேருக்கு, பெரியவர், குழந்தை எல்லோருக்கும் சேர்த்து, இந்த ஊசியைப் போட்டு இன்றுவரை கவனித்து வருகிறார்கள். முப்பது வருடம் கழித்து, நடுவில் பூஸ்டர் எதுவும் போடாத 243 பேரைச் சோதித்தார்கள். 51 சதவீதம் பேருக்குத்தான் அளவு 10 அல்லது அதற்கு மேல். குறைந்தவர்களுக்கு ஒரே ஒரு டோஸ் கொடுத்துப் பார்த்ததில், 88 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்திலேயே அளவு ஏறிவிட்டது. நினைவு போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தைவானில் 1984-இல் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். அங்கே பத்தில் ஒரு குழந்தையிடம் இருந்த கிருமி, நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. குழந்தைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோயும் குறைந்தது. ஒழுங்காக எல்லா டோஸும் போட்ட ஆரோக்கியமான பிள்ளைகளுக்குப் பூஸ்டர் தேவையில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

விதிவிலக்கு உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், கிருமி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள், இவர்கள் டாக்டர் சொல்கிறபடி டெஸ்ட் செய்யத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்களும் அப்படியே. நம் நர்சிங் பெண்ணுக்கு ஒரு டோஸ் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து 100-க்கு மேல் வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் இரண்டு பெயர்கள் வரும். 'ஆன்டி எச்.பி.எஸ்.' பாசிட்டிவ் என்றால் சந்தோஷப்படுங்கள், பாதுகாப்பு இருக்கிறது. 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' பாசிட்டிவ் என்றால் கிருமியே இருக்கிறது, ஈரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். நம் குழுவில் ஒருவர் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

இப்போது அந்த இன்னொரு காரணம். என் தம்பி 49 வயதில் ஈரல் புற்றுநோயில் போனான். காபியைத் தவிர எதையும் தொடாதவன். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் 'குடிப்பாரோ?' என்று காதில் கிசுகிசுத்தார்கள். அவன் ரத்தத்தில் இந்தக் கிருமி இருந்தது. வீட்டில் எல்லோரும் டெஸ்ட் எடுத்தோம். எனக்கு இல்லை, என் தங்கைக்கு இருந்தது. அம்மாவிடமிருந்து பிரசவத்தில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அப்படி வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி என்று அடித்துக்கொள்வது அதனால்தான். எங்கள் அம்மா காலத்தில் ஊசியே கிடையாது. தங்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, மாத்திரை சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாள். அவள் பேரப் பிள்ளைகள் பிறந்த அன்றே ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

அரசு இந்த ஊசியைத் தமிழ்நாடு உட்பட 10 மாநிலங்களுக்கு விரிவாக்கியது 2007-08-இல்தான். நாடு முழுவதும் வந்தது 2011-12-இல். அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்டவர்களுக்குத்தான் அது உண்டு. ஆக, இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகளுக்கு இருக்கிறது. நாமோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம்!

நம்மைவிட முக்கியமானவர்கள் நம் துப்புரவுப் பணியாளர்கள் ஆறு பேர். நம் நகரில் எத்தனை வீட்டில் இன்சுலின் ஊசி, சர்க்கரை பார்க்கும் ஊசி என்று எனக்குத் தெரியும், என் வீட்டிலேயே உண்டு. எல்லாம் குப்பைப் பையில் போகிறது. அவர்கள் கையால் பிரிக்கிறார்கள். காய்ந்த ரத்தத்திலும் இந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும். விசாரித்தேன், ஆறு பேரில் ஒருவரும் ஊசி போட்டுக்கொண்டதில்லை. இரண்டு பேருக்குக் கையில் ஊசி குத்தியிருக்கிறது.

பெயர் கொடுத்த பதினொரு வீட்டுக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் அட்டையில் எல்லா டோஸும் இருந்தால் பூஸ்டரை விட்டுவிடுங்கள். அட்டை இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள், மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை. மிச்சமாகும் பணத்தில் முடிந்ததைக் கொடுங்கள். பணியாளர்களுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். நம் தெருமுனை டாக்டர் போட்டுவிட ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஊசி வரை ஞாபகப்படுத்துவது என் பொறுப்பு. நோட்டுப் புத்தகம் செயலாளர் மேசையில் இருக்கிறது. வாசலில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வைத்திருக்கிறேன். வீட்டில் ஊசி உபயோகிப்பவர்கள் போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நிரம்பியதும் என்னிடம் கொடுத்தால் போதும், டாக்டர் மூலம் மருத்துவக் கழிவோடு அனுப்பிவிடலாம்.