வலைக்கும் வாயிற்காவல் வேண்டும்



நம் பிள்ளைச்சாவடியில் 1980களில் எழுந்த பொறியியல் கல்லூரி, இன்று புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அத்தகைய கல்விக்கூடங்களில் சேரும் நம் பிள்ளைகளின் சாதிச்சான்றிதழும் உதவித்தொகை விண்ணப்பமும் இன்று கணினி வலைப்பின்னல் வழியே செல்கின்றன. ஓர் அலுவலகத்தின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி சுவிட்ச் ஆகும்.

வைஃபைக்குக் கடவுச்சொல் இட்டுவிட்டுச் சுவிட்சின் இணைப்புத் துளைகளைக் காவலின்றி விடுவது, முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும். 1997இல் வந்த ‘வெப்’ என்னும் வைஃபைக் காப்பு, 2001இலேயே உடைக்கப்பட்டது. 802.1எக்ஸ் என்னும் முறையோ, கம்பிவழி வருவோரையும் கம்பியின்றி வருவோரையும் இன்னார் என உறுதிசெய்த பின்னரே உள்ளே விடும். பயன்படாத துளைகளை அடைத்தலும், கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுதலும் முதற்கடமைகள்.

வாயில்கள் நமக்கு அடைக்கப்பட்ட காலத்தை நாம் மறவோம். இவ்வாயிலைக் காக்கும் தொழிலுக்குக் கல்வியே தகுதி. அதனை நாம் கற்போமாக!