ஒரு டிகிரி வெந்நீர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடு" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். அதற்குக் கட்டுப்படுகிறேன்.

நான் இங்கே படித்தது சிவில். பார்க்கிற வேலை கடற்கரைக் கட்டுமானம்: தடுப்புச் சுவர், தூண்டில் வளைவு, மீன் இறங்குதளம். எங்கள் டிசைன் ஷீட்டில் அலை உயரம், காற்று வேகம், மண் தன்மை என்று பல வரிகள் உண்டு. அவற்றுக்கெல்லாம் அளந்த கணக்கு இருக்கிறது. 'கடல்மட்ட உயர்வு' என்ற வரிக்கு மட்டும் எதிர்காலத்தின் கணக்கு வேண்டும். அந்த எண்ணின் வேரைத் தேடிப் படிக்கப் போனவன், அண்டார்க்டிகாவின் அமுண்ட்சென் கடலில் போய் நின்றேன். படிப்பில்தான், நேரில் போக நமக்கு ஏது வசதி!

கண்டத்திட்டு என்றால் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல் என்று படித்திருக்கிறோம். அண்டார்க்டிகாவில் அது வேறு மாதிரி. சராசரி ஆழமே சுமார் 500 மீட்டர். பனியின் பாரம் தரையை அமுக்கியிருக்கிறது. பழைய பனியாறுகள் சுரண்டியும் இருக்கின்றன. அதனால் பல இடங்களில் திட்டின் விளிம்பைவிடக் கரைப் பக்கம்தான் ஆழம் அதிகம். நம் வீட்டு முற்றம் வாசலை நோக்கிச் சரியாமல், அடுப்படியை நோக்கிச் சரிந்திருந்தால் மழைத்தண்ணி எங்கே போகும்? அதே கதைதான்.

அங்கே மேல்நீரின் வெப்பநிலை சுமார் மைனஸ் 1.8 டிகிரி. சில நூறு மீட்டர் கீழே போனால் பிளஸ் 1 டிகிரி. சூடானது கீழேயா என்று மெக்கானிக்கல் நண்பர்கள் முறைக்கிறார்கள். உறைநிலைக்கு அருகில் நீரின் அடர்த்தியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உப்புதான். கீழே இருப்பதில் உப்பு அதிகம், அதனால் கனம். கண்டத்தைச் சுற்றி ஓடும் அந்த ஆழ்நீர், பழைய பனியாறுகள் வெட்டிவைத்த பள்ளங்கள் வழியாகவே திட்டின்மேல் ஏறி, பனியின் அடிக்கு வந்து சேர்கிறது. பனி போட்ட பாதையிலேயே பனிக்கு எமன் வருகிறான்.

ஒரு டிகிரி நீர் என்ன செய்யும் என்று கேட்கலாம். அழுத்தம் கூடக் கூட உறைநிலை இறங்கும். 1000 மீட்டர் ஆழத்தில் அது சுமார் மைனஸ் 2.6. ஆக, பனிக்கு அது வெந்நீர். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ கடல்நீர் ஒரு டிகிரி ஆறினால் ஏறக்குறைய 4 கிலோஜூல் தரும். மூன்று டிகிரி ஆறினால், சுமார் 28 கிலோ நீர் ஒரு கிலோ பனியைக் கரைத்துவிடும். கடலில் தண்ணீருக்கா பஞ்சம்? உருகிய நன்னீர் லேசானது. பனியின் அடிப்பரப்பை ஒட்டி மேலே ஏறும். அந்த இடத்துக்குக் கீழிருந்து புது வெந்நீர் வரும். மோட்டார் இல்லாத பம்ப்!

1994இல் 'நதானியேல் பி. பால்மர்' என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் பைன் தீவுப் பனியாற்றின் முகப்பு வரை போய் இந்த வெந்நீரை அளந்தது. 2009இல் மறுபடி அளந்தபோது, உருகல் சுமார் 50 சதவீதம் கூடியிருந்தது. அந்த ஆண்டே 'ஆட்டோசப் 3' என்ற பிரிட்டிஷ் தானியங்கி நீர்மூழ்கி பனிக்கு அடியில் நுழைந்து, கடல்தரையில் சுமார் 300 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டைக் கண்டது. ஒரு காலத்தில் பனி அந்த மேட்டின்மேல்தான் உட்கார்ந்திருந்தது. இன்று வெந்நீர் உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும் வரப்பும் அதுதான். 2012இல் வெந்நீர் அடுக்கு கொஞ்சம் தாழ்ந்தது; 2010ஐ ஒப்பிட்டால் உருகல் பாதியாகக் குறைந்தது. வெப்பமண்டலப் பசிபிக்கின் லா நினாவோடு ஆய்வாளர்கள் அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஆக, இது நேர்கோட்டில் ஏறும் கிராஃப் இல்லை. காற்று மாறினால் கடலோட்டம் மாறும். ஓட்டம் மாறினால் உருகல் மாறும்.

மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயராதே என்று மாணவர் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த மிதக்கும் பனி, பின்னால் தரைமேல் இருக்கும் பனிக்கு முட்டுச்சுவர். முட்டு மெலிந்தால் பின்னால் இருப்பது வேகமாகச் சரியும். பக்கத்து த்வைட்ஸ் பனியாறு ஒன்றில் மட்டும் உலகக் கடல்மட்டத்தைச் சுமார் 65 சென்டிமீட்டர் உயர்த்தும் அளவு பனி இருக்கிறது. இன்னொன்று: பெரும் பனிநிறை தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. மேற்கு அண்டார்க்டிகப் பனி குறைந்தால் அந்த நீர் தூரத்துக் கடல்களுக்குப் போகும். சராசரியைவிட அதிகம் உயரும் இடங்களில் நம் இந்தியப் பெருங்கடலும் ஒன்று. அங்கே கரைவது இங்கே கூடுதலாகவே வந்து சேரும்.

இப்போது டிசைன் ஷீட்டுக்கு வருவோம். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் தந்த அறிக்கைப்படி, 1995–2014 சராசரியை ஒப்பிட, 2100இல் கடல்மட்ட உயர்வு 0.28 முதல் 1.01 மீட்டர் வரை இருக்கக்கூடும். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு: வெப்பவாயுக்கள் மிக அதிகமாக வெளியானால், பனிப்படலங்களின் போக்கு நிச்சயமில்லாததால், 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது. அந்த நிச்சயமின்மையில் பெரும்பங்கு, நான் சொன்ன அந்த வெந்நீரிடம் இருக்கிறது.

நாம் கட்டும் சுவருக்குப் பின்னால் குடிசை இருக்கிறது, படகு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆகவே தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அந்த வரியில் பழைய ஃபைலைப் பார்த்து எண்ணைக் காப்பியடிக்காதீர்கள். எந்த ஆண்டின் கணக்கு என்று கேட்டு எழுதுங்கள். அடுத்து, நாளைக்கு இன்னும் அரை மீட்டர் ஏற்ற வேண்டி வந்தால் தாங்கும்படி அஸ்திவாரத்தை இன்றைக்கே போடுங்கள். கான்கிரீட் கொஞ்சம் கூடத்தான் செலவாகும். இடித்துவிட்டுக் கட்டுவதோடு பார்த்தால் அது மலிவு.

சாப்பாட்டு மணம் வந்துவிட்டது.