'கவனக்குறைவு' என்னும் ஒரு சொல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்பனைப் பற்றியோ குறளைப் பற்றியோ சிறிது பேசுமாறு செயற்குழுவினர் நம்மைக் கேட்டனர். அவற்றைப் பேசுதற்கு இச்சபையில் நம்மினும் வல்லார் பலர் உளர். பத்தாம் வகுப்பு தேறி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் கோப்புக் கட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவாகிய நமக்கு நன்கு தெரிந்த விஷயம் ஒன்றே. வேலை செய்யுமிடத்தில் மனிதர் எவ்வாறு அடிபடுகின்றனர், அதனைக் காகிதத்தில் நாம் எவ்வாறு எழுதுகின்றோம் என்பதே அது.

விபத்து அறிக்கையிலே 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ஊரும் அலுவலகமும் இங்கு வேண்டா, பனிமூட்டக் காலத்துக் காலை ஒன்றில் தண்டவாளப் பணியாளர் ஒருவர் ஒரு காலை இழந்தார். தாம் நின்ற பாதையில் வண்டி வருவதைக் கண்டு விலகி, அடுத்த பாதையில் கால் வைத்தார். எதிர்த் திசையிலிருந்து அதில் மற்றொரு வண்டி வந்துவிட்டது. அறிக்கையை எழுதியவர் நாமே. காரணம் என்ற கட்டத்தில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று நிரப்பினோம். அவ்வாறு எழுதுமாறு எவரும் நமக்குக் கட்டளையிடவில்லை. முந்திய கோப்புக்களில் அப்படியே இருந்தது; நாமும் அப்படியே எழுதினோம்.

சில வாரங்கள் சென்றபின் அவருடைய மனைவியார் ஒரு காகிதத்தில் கையொப்பமிட வந்தார். அறிக்கையில் என்ன எழுதியிருக்கின்றதென்று படித்துக் காட்டச் சொன்னார், காட்டினோம். "பாபுஜி, அவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? மறுபக்கம் பார்ப்பதற்கு யாரை நிறுத்தியிருந்தீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

அந்த அம்மையார் கேட்டதே தொழிற் பாதுகாப்பு என்னும் சாஸ்திரத்தின் முதற்பாடம் என்பது நமக்குப் பின்னரே புரிந்தது. சிறிது கணக்குப் போட்டுப் பாருங்கள். பனிக்காக வேகத்தைக் குறைத்து மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு வண்டி வருகின்றதென்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகின்றது. கண்ணுக்கு 50 மீட்டர்தான் தெரியுமாயின், பணியாளருக்குக் கிடைப்பது மூன்றே நொடி. கையில் கடப்பாரை, தலையைச் சுற்றிக் கம்பளி மப்ளர், பக்கத்துப் பாதையில் ஓடும் வண்டியின் இரைச்சல். இவற்றுக்கு நடுவே அந்த மூன்று நொடியை அவருடைய கவனத்திடம் ஒப்படைத்துவிட்டு நாம் அலுவலகத்தில் தேநீர் அருந்துகின்றோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதையில் தண்டவாளம் உடைந்திருந்தால் நமது விதிப்புத்தகம் ஓட்டுநரின் கவனத்தை நம்புவதில்லை. 1,200 மீட்டருக்கு அப்பாலே, பத்து மீட்டர் இடைவிட்டு மூன்று வெடிவில்லைகளைத் தண்டவாளத்தின்மேல் வைக்கச் சொல்கின்றது. இவ்வூரார் அதனைப் பட்டாக்கா என்பர். சக்கரம் ஏறியவுடன் அவை வெடிக்கும், உறங்குபவனும் விழிப்பான். வண்டியைக் காப்பதற்கு இவ்வளவு யோசித்தவர்கள் முட்டாள்கள் அல்லர். மனிதனுக்குக் கவனம் தவறும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அதன்மேல் விதி கட்டினார்கள். பணியாளரைக் காக்கும் இடத்தில் மட்டும் அந்த ஞானம் நமக்கு மறந்துபோகின்றது.

எவ்வளவு மறந்துபோகின்றது என்பதற்குக் கணக்கு இருக்கின்றது. அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் அமைந்த ரயில்வே பாதுகாப்புக் குழு 2012 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை பணியிலிருக்கையில் மாண்ட ஊழியர் ஏறக்குறைய 1,600. காயமுற்றோர் ஏறக்குறைய 8,700. அதே காலத்தில் ரயில் விபத்துக்களில் இறந்த பயணிகளோ ஆயிரத்தை ஒட்டியவர்கள். பயணிகள் இறந்தால் பத்திரிகையில் முதற்பக்கம். மந்திரி ராஜிநாமாவும் செய்வதுண்டு. 1956இல் அரியலூர் விபத்தின்போது லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் செய்தார்கள். ஒவ்வொருவராக இறக்கும் பணியாளர்க்கு ஒரு கட்டமும் ஒரு சொல்லும்.

வல்லுநர்கள் இடரைத் தடுப்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கின்றனர். முதலில் இடரையே இல்லாமற் செய். இயலாவிடில் தீங்கு குறைந்த ஒன்றை அதனிடத்தில் வை. அதுவும் இயலாவிடில் பொறியமைப்பால் தடு. பிறகு விதி, பயிற்சி, காவல் ஆள். தலைக்கவசமும் காலணியும் எல்லாவற்றுக்கும் கடைசி. நாம் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகின்றோம். ஒளிரும் மேற்சட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொள்கின்றோம். பனியில் அச்சட்டை ஓட்டுநருக்குத் தெரியும் நேரத்தில் வண்டியை நிறுத்த இயலாது. இருபுறத்து வண்டிகளையும் சற்றே நிறுத்திப் பாதையைப் பணியாளரிடம் ஒப்படைப்பது முதற்படி. அதற்கு நேரம் செலவாகும். ஆதலின் மனம் வருவதில்லை.

முதற்படியில் தொடங்கிய நற்காரியமும் ஒன்று உண்டு. முன்பெல்லாம் வண்டிக் கழிப்பறையின் மலம் நேரே பாதையில் விழும். தண்டவாளத்து ஆணிகளைக் குனிந்து பார்ப்பவர்களின் கதியை எண்ணிப் பாருங்கள். முகமூடி அணியுங்கள், கைகழுவுங்கள் என்ற உபதேசத்தால் அது தீரவில்லை. பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகளைப் பொருத்தியபின்னரே பெரும்பாலும் தீர்ந்தது. உடல்நலத்துக்குச் செய்த இக்காரியத்தை எவரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கவனம் சற்றும் உதவாத இடமும் உண்டு. அது இந்த டெல்லியிலேயே, மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் 2010இல் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாமற் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் விற்கப்பட்டு அங்கு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. வெட்டிப் பிரித்த தொழிலாளருக்கு அது ஈயமும் இரும்பும்தான். ஒருவர் பளபளத்த சிறு துண்டைப் பணப்பையில் வைத்திருந்தார். தோல் கறுத்து, மயிர் உதிர்ந்து, பலர் மருத்துவமனை சேர்ந்தனர். ஏப்ரல் மாதத்தில் ஒருவர் இறந்தார். கதிர் கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. இங்கே எந்தக் கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதுவது? பொருளை விற்றவர் அதனுள் இருப்பது என்னவென்று வாங்குபவர்க்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நாம் எழுதிய சொல்லால் அந்தப் பணியாளருக்குப் பணநஷ்டம் ஒன்றும் நேரவில்லை. தொழிலாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பது மட்டும் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நிலைமை அதுதான். நம் சொல் செய்த தீங்கு வேறு. காரணம் கண்டாயிற்று என்று கோப்பு மூடப்பட்டது. அடுத்த குளிர்காலத்திலும் அவ்விடத்தில் மறுபக்கம் பார்க்க ஆள் நிறுத்தப்படவில்லை.

தாய்மார்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு ஆண்களும் பெண்களும் வேலையிலிருந்து திரும்பி, "இன்று மயிரிழையில் தப்பினேன்" என்று சமையலறை வாயிலில் நின்று சொல்வதுண்டு. விபூதி பூசிவிட்டு, சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்துவைக்கிறீர்கள். செய்யுங்கள், நாம் வேண்டாவென்று சொல்லவில்லை. ஆனால் அச்செய்தி அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. மறுநாள் அதனை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதே இடத்தில் நாளை நிற்பவர் வேறொரு வீட்டார்.

நாம் இப்பொழுது அந்தக் கட்டத்தை நிரப்புமுன், காவல் ஆள் இருந்தாரா, எத்தனை மணி நேரமாகப் பணியில் இருந்தார் என்று கேட்டு, கிடைத்த விடையையே எழுதுகின்றோம். மேலதிகாரி இருமுறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை, "காவல் ஆள் இல்லை" என்று நாம் எழுதியதன் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டுக் கையொப்பமிட்டார்.