மர்மக் கதையும் மக்கள் நீதியும்

(கல்முனையில் நிகழ்ந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அரசியல் மேடையில் நிற்போர் மர்ம நாவலைப் பற்றிப் பேசலாமோ எனச் சிலர் வியக்கக்கூடும். காணி, நீர்ப்பங்கீடு, மொழியுரிமை ஆகியவற்றைப் பேசவேண்டிய நேரத்தில் இஃது என்ன வீண் பேச்சு என்று கேட்போரும் இருப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு குற்றம் நிகழ்ந்தது என்று கேட்டவுடன் மக்கள் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதைப் பொறுத்தே அம்மக்களின் உயிரும் உடைமையும் காக்கப்படுகின்றன. அந்தச் சிந்தனையைப் பழக்குகின்ற எழுத்துத் தொழில் ஒன்று உண்டு. அத்தொழிலைப் பற்றியே இன்று பேசுகின்றோம்.

இலங்கைத் தமிழ் நாவலின் வரலாறு ஒரு சட்டத்தரணியின் மேசையிலிருந்தே தொடங்குகின்றது. கண்டியிலே பிறந்த அறிஞர் சித்திலெவ்வை பிரக்கிராசித் தொழில் புரிந்தவர். 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் அவர் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திரம்' நம் நாட்டின் முதல் தமிழ் நாவலாக மதிக்கப்படுகின்றது. அது துப்பறியும் நாவல் அன்று. எனினும், குழந்தைப் பருவத்திலே களவாடப்பட்ட ஒருவன் யாருடைய மகன் என்னும் மறைபொருளே அக்கதையை நடத்திச் செல்கின்றது.

தமிழகத்திலும் மர்மக் கதையே பல்லாயிரம் பேரை வாசகராக்கிற்று. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனான். ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் 'இராஜாம்பாள்' எழுதித் துப்பறியும் கோவிந்தனைப் புகழுறச் செய்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950இல் திரையிலும் தோன்றினார். நாவல் படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று அஞ்சிய வீடுகளிலும் இந்நூல்கள் தலையணைக்கு அடியில் இருந்தன.

தொழிலின் இயல்பு

இவ்வகை நூல்களை எழுதுவது எளிதென எண்ணுதல் பிழை. விளைந்த கதிரைக் காண்போர் உழவனின் நாட்களைக் காண்பதில்லை; அதுபோலவே ஒரே இரவில் நாவலைப் படித்து முடிப்போர் எழுத்தாளனின் நாட்களைக் காண்பதில்லை.

மர்ம நாவலாசிரியன் முடிவிலிருந்து தொடங்குகின்றான். குற்றம் செய்தவன் யார், எந்த நேரத்தில், எந்த வழியாக, எதன் பொருட்டுச் செய்தான் என்பவற்றை முதலிலே தீர்மானித்துக்கொள்கின்றான். பின்னர் வீட்டின் படம் வரைகின்றான். கதவு எங்கே, கிணறு எங்கே, விளக்கு எங்கே எனக் குறிக்கின்றான். அன்றிரவு ஒவ்வொருவரும் எந்த மணிக்கு எங்கே இருந்தனர் என்று அட்டவணை எழுதுகின்றான். குற்றமற்றவர்களுக்கும் மறைக்க ஏதேனும் இருக்கும். அதனையும் குறித்து வைக்கின்றான். நஞ்சைப் பற்றி வைத்தியரிடமும், காயத்தைப் பற்றிப் பிரேத பரிசோதனை அறிந்தவரிடமும், கையொப்பத்தைப் பற்றி நொத்தாரிசிடமும் கேட்டறிகின்றான். இவ்வளவும் முடிந்த பின்னரே முதல் வரியை எழுதுகின்றான். எழுதிய பின் தடயம் ஒன்று வெளிப்படையாகத் தெரிகின்றதென்றால் அடித்துவிட்டு மீண்டும் எழுதுகின்றான்.

இதிலே ஓர் அறம் உண்டு. 1930இல் இலண்டனிலே துப்பறியும் கதையாசிரியர்கள் அமைத்த கழகம், வாசகரிடமிருந்து முக்கியத் தடயத்தை மறைப்பதில்லை என்று தன் உறுப்பினரிடம் உறுதிமொழி வாங்கியது. நீதிமன்றத்திலே வழக்குத் தொடுப்பவர் தம் சான்றுகளை எதிரிக்கும் காட்டவேண்டும். அந்த நேர்மையையே இக்கலையும் கேட்கின்றது.

வாழ்க்கைச் செலவுக்கு வேறு தொழில் செய்துகொண்டே இதனைச் செய்தோர் பலர். சுஜாதா பெங்களூரிலே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர். அலுவலக நாளின் எஞ்சிய பொழுதிலே எழுதியவர். அவருடைய கணேஷும் வசந்தும் நம் தொழிலாகிய வழக்கறிஞர் தொழிலைச் செய்தவர்கள் என்பதில் நமக்குச் சற்றே பெருமை உண்டு. அகதா கிறிஸ்டி முதலாம் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்திலே வேலை செய்தார். அங்கே கற்ற நஞ்சுகளின் இயல்பே 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலுக்கு அடித்தளமாயிற்று. உருது மொழியிலே 1952 முதல் எழுதிய இப்னு சஃபி இருநூறுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தார். 1960இல் மனநோயுற்று எழுத்தை நிறுத்தி, 1963இல் நலம்பெற்று மீண்டும் எழுதினார். இத்தொழிலும் உடலையும் மனத்தையும் உழைத்துத் தேய்க்கும் தொழில்தான்.

நாவலாசிரியர் காத்த வழக்கறிஞர்

இக்கலை ஏட்டோடு நின்றுவிடுவதுமில்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரிலே ஜார்ஜ் எடல்ஜி என்னும் இளம் வழக்கறிஞர் வாழ்ந்தார். அவர் தந்தையார் பம்பாயிலிருந்து சென்ற பார்சி. கிறித்தவ மதகுருவாகப் பணிபுரிந்தவர். ஊரிலே இரவு நேரத்தில் கால்நடைகள் வெட்டப்பட்டன. செய்தவன் யாரென்று தெரியாத நிலையில், நிறத்தால் வேறுபட்ட குடும்பத்தின்மேல் ஐயம் விழுந்தது. 1903இல் அவருக்கு ஏழாண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்தே வெளியே வந்தார்.

ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் 1907இல் அவரைச் சந்திக்கச் சென்றார். எடல்ஜி பத்திரிகையை முகத்துக்கு மிக அருகே, சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் வைத்தியம் கற்ற டாயிலுக்கு அது போதுமாயிற்று. இத்தகைய பார்வையுடையவர் நள்ளிரவிலே புகையிரதப் பாதையையும் வயல்களையும் கடந்து சென்று குதிரையை வெட்டினார் என்பது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டுப் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டில் கால்நடைக் குற்றத்திலிருந்து எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் மீண்டும் தம் தொழிலுக்குத் திரும்பினார். இங்கிலாந்திலே குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1907இல் அமைவதற்கும் அவ்வழக்கு ஒரு தூண்டுகோலாயிற்று.

ஊரார் கண்டது நிறத்தை. நாவலாசிரியர் கண்டது கண்ணை.

நம் மாவட்டத்துப் பாடம்

நண்பர்களே! இவ்வளவு தொலைவு செல்லவேண்டிய தேவையும் நமக்கில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரிலே நிகழ்ந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். முஸ்லிம் உணவகம் ஒன்றிலே கறியில் ஒரு கட்டி காணப்பட்டது. அது மலடாக்கும் மாத்திரை என்றனர். சிங்களம் சரிவரத் தெரியாத ஓர் ஊழியரைச் சூழ்ந்து நின்று மிரட்டிக் கேட்டனர். அவர் தடுமாறிச் சொன்ன சொல்லை ஒப்புதல் வாக்குமூலம் என்று படம்பிடித்துப் பரப்பினர். கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் சோதித்து, அதிலே மருந்து எதுவும் இல்லை, அது மாவுப்பொருளின் கட்டியே என அறிவித்தார். அந்த உண்மை வருமுன்னரே பொய் நெடுந்தூரம் சென்றுவிட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் திகனயிலும் கண்டியின் பிற ஊர்களிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிரும் போயிற்று, நாட்டிலே அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

ஒரு மர்ம நாவலாசிரியன் இந்தக் கதையை எழுதியிருந்தால் என்ன செய்திருப்பான்? முதல் அத்தியாயத்திலே அந்தக் கட்டியை ஒரு போத்தலில் இட்டு முத்திரை வைத்திருப்பான். பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை எவர்மீதும் பழி சுமத்தியிருக்கமாட்டான். மிரட்டலுக்கு நடுவே, தெரியாத மொழியிலே சொன்ன சொல் சான்றாகாது என்று தன் துப்பறிவாளன் வாயால் சொல்லியிருப்பான். முதல் பக்கத்திலே யாவரும் சுட்டிக்காட்டும் ஆளே குற்றவாளி என்று முடியும் நாவலை எந்த வாசகரும் ஏற்பதில்லை. ஆனால் தெருவிலே நிற்கும்போது அதே வாசகர் முதல் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகின்றார்!

பிறரை மட்டும் குறைகூறி நாம் இருக்கையில் அமர்ந்துவிடலாகாது. இக்கரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலியாக நிற்கின்றன. போர்க்காலத்திலே ஒரு வதந்தி எத்தனை வேலிகளைத் தாண்டிற்று என்பதை இரு சாராரும் அறிவோம். 'அவர்கள்தாம் செய்தார்கள்' என்ற பேச்சு நம் வாயிலும் பிறந்ததுண்டு. கேட்டறிந்த பேச்சைச் சான்றாக ஏற்பதற்கு நம் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் கடும் வரம்புகள் விதித்துள்ளது. அந்த வரம்பு நீதிமன்ற வாசலோடு நின்றுவிட்டால் நமக்கு என்ன பயன்?

இக்கரையின் நாவல்

ஆகவே இளைஞர்களிடம் ஒன்றைக் கேட்கின்றோம். இந்தக் கரையின் மர்ம நாவலை எழுதுங்கள். பொருளுக்குப் பஞ்சமில்லை. வட்டையிலே இரவோடிரவாக நகர்ந்த வரம்பு உண்டு. வட்டவிதானை அறியாமல் திறந்த மதகு உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன பெட்டகங்களிலே காணி உறுதிகள் இருந்தன. இறந்தவரின் கையொப்பத்தோடு பின்னர் ஓர் உறுதி வந்தால் என்ன நடக்கும்? மருதமுனைத் தறியிலே நெய்த துணியின் ஓரம் ஒரு தடயமாகாதா? சென்னையையோ இலண்டனையோ களமாகக் கொள்ளவேண்டியதில்லை.

வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் மாதம் ஒரு மாலைப் பொழுதை இவ்விளைஞருக்கு ஒதுக்கி அவர்தம் ஐயங்களைத் தீர்க்கவேண்டும். வட்டையின் வழக்கங்களை விவசாயப் பெரியோர்கள் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஊர் நூலகங்கள் தோறும் இளைஞர்கள் கூடி ஒரு துப்பறியும் நாவலின் இறுதி அத்தியாயத்தைக் கட்டிவைத்துவிட்டு, மற்றவற்றைப் படித்துத் தாமே தீர்ப்புச் சொல்லிப் பார்க்கட்டும். தீர்ப்புச் சொல்லுமுன் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகட்டும்: யார் கண்டது? எப்போது கண்டது? கண்டதற்குச் சான்று என்ன?

அடுத்த முறை ஒரு வதந்தி இவ்வூரின் வீதியிலே வரும்போது, இம்மூன்று வினாக்களையும் கேட்கும் பத்துப் பேர் சந்தியிலே நின்றார்களாயின், அதுவே அந்நாவலாசிரியனின் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி.